வரேன் என்று சொன்ன அக்கா

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தேனடை மலை உச்சியில் புத்தப் பிக்குணிகளின் விகாரம் ஒன்று இருந்தது. பாறையைக் குடைந்த அறைகள், வாசலில் ஒரு போதிமரம், அவ்வளவுதான். அடிவாரத்து ஊர்க்காரர்கள் விடிந்ததும் கட்டுச்சோற்றோடு ஏறுவார்கள். கும்பிட்டு, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு நாள் சேந்தியும் அவள் தங்கை கொற்றியும் சித்தியோடு ஏறினார்கள். அந்த வருஷத்துக் காய்ச்சல் அப்பா, அம்மா, சேந்தியின் கணவன், அவள் கைக்குழந்தை என்று ஒவ்வொருவராகக் கொண்டுபோயிருந்தது. சின்னவளுக்கு இனி அக்காதான் எல்லாம். நடக்கும்போதுகூட அக்காவின் நீண்ட சடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

“இழுக்காதேடி, வலிக்குது.”

“விட்டா நீ ஓடிருவே!”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சேந்தி பிக்குணியாவதற்காகத்தான் மலையேறிக்கொண்டிருந்தாள். அது சித்திக்கு மட்டுமே தெரியும்.

சாப்பிட்டு முடிந்ததும் சேந்தி விகாரத்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“கொற்றி, சித்திகிட்ட சமத்தா இரு. போயிட்டு வரேன்.”

நம் ஆட்களில் யார்தான் ‘போகிறேன்’ என்று சொல்லிப் பிரிகிறார்கள்? கப்பலேறுகிறவனும் சொல்ல மாட்டான், சாகக் கிடப்பவனும் சொல்ல மாட்டான். சேந்தியும் வாய்ப்பழக்கத்தில் அப்படியே சொல்லிவிட்டாள். பிள்ளைக்கோ அது வாக்கு.

பொழுது சாய்ந்தது. கூட்டம் இறங்கத் தொடங்கியது. சித்தி கையைப் பிடித்து இழுத்தபோது கொற்றி உதறிக்கொண்டு போதிமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சித்தி தேடிப் பார்த்தாள். முன்னால் போன பெண்களோடு போயிருப்பாள் என்று நினைத்துப் பதறிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கிளையிலிருந்த தவிட்டுக்குருவி சொன்னது: “பாப்பா, இருட்டப் போகுது. இறங்கிப் போம்மா.”

“அக்கா வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

அப்போது தலை மழித்து, காவி உடுத்த ஒரு பிக்குணி வாசலில் விளக்கு வைக்க வந்தாள். கொற்றி ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள்.

“அம்மா, உள்ள எங்க அக்கா இருக்காளா? நீளமா சடை போட்டிருப்பா.”

சேந்திதான் அது. அந்தி மங்கலில் பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சடையைத் தேடியது.

‘நான்தாண்டி’ என்று சொன்னால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சாவு விழுந்த அந்த வீட்டுக்கே இறங்கிப் போய்விடுவோம் என்று சேந்திக்குத் தெரியும். வாயைத் திறக்காமல், இல்லை என்று தலையை ஆட்டினாள். சித்தி பக்கத்தில்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பாவி, அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம்.

“அப்போ அக்கா காட்டுல வழி தவறியிருப்பா” என்றாள் கொற்றி.

மரங்களுக்குள் போய்க் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். தூரத்தில் இருப்பவளுக்குக் கேட்க வேண்டுமே என்று ஒரு மரத்தில் ஏறினாள். கிளைக்குக் கிளை உயர்ந்தாள், குரலும் கூடவே உயர்ந்தது. உச்சிக் கிளையில் குரல் உடைந்து நின்றது. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாள். மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டாள். அழுதுகொண்டே தவிட்டுக்குருவி தன் கூட்டில் அவளுக்கு இடம் கொடுத்தது. விடிந்தபோது கூட்டில் பிள்ளை இல்லை, சாம்பல் நிறப் பறவை ஒன்று இருந்தது.

இரவெல்லாம் அந்தக் குரலைக் கேட்ட சேந்தி விடிந்ததும் ஓடி வந்தாள்.

“கொற்றி! நான்தாண்டி, உன் அக்கா!”

பறவை இறங்கி வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. மழித்த தலையைப் பார்த்தது. முதுகுப் பக்கம் போய்ச் சடையைத் தேடியது. இல்லை என்றதும் பறந்துவிட்டது.

அந்த விகாரம் இடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அன்று தொட்டுத்தான் அந்தப் பறவை, நாம் அக்கா குயில் என்கிறோமே அது, தனக்கென்று கூடு கட்டாமல் தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடுகிறது. அன்று தொட்டுத்தான் அது “அக்கா, அக்கா” என்று உயர உயரக் கூவி, உச்சியில் சட்டென்று நிறுத்தி, பதிலுக்காகக் காத்திருக்கிறது.