கூகைப்பாறையில் ஒரு வேன்

"தஞ்சாவூருக்கு வழிகாட்டியே வேண்டாம் டீச்சர். கழுத்து இருந்தா போதும், அண்ணாந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க. இந்தப் பொட்டல்ல நான் எதைக் காட்டுறது?" என்று கேட்டார் ஆதிமூலம்.

பூங்கோதை புளியமரத்து நிழலில் நின்று செருப்பிலிருந்த மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பாடம் எடுப்பவள் அவள். மாணவர்களில் ஆதிமூலம் மட்டும் அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எதிரே கூகைப்பாறை. அதன் குகையில், எந்தக் காலத்திலோ யாரோ வெள்ளை நிறத்தில் தீட்டிவிட்டுப் போன மான்கள் இருக்கின்றன. செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஒருவரும் இறங்குவதில்லை.

ஆதிமூலம் கெஞ்சி இறக்கிய முதல் கூட்டம், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டது. இன்று இரண்டாவது கூட்டம். டிராவல்ஸ் முதலாளி ஜெயசீலனும் கூட வருகிறார். பிடித்துப்போனால் இந்தப் பாறை அவருடைய சுற்றுலாவில் சேரும். இல்லையென்றால் வேன் இனி இந்தப் பக்கம் திரும்பாது.

"பையில என்னண்ணே பாட்டில்?"

"தண்ணி."

"குடிக்கவா?"

"பாறையில அடிக்க. காஞ்சு கிடந்தா கண்ணுக்கே தெரியாது டீச்சர். ஒரு வீச்சு வீசினா மான் பளிச்சுனு எழுந்து நிக்கும்."

"எத்தனை வருஷமா வீசுறீங்க?"

"அது ஆச்சு, ரொம்ப வருஷம். ஊருக்கு யார் வந்தாலும் கூட்டிட்டு வந்து காட்டுவேன்."

"மான் அப்படியே இருக்கா?"

அவர் யோசித்தார். "கொஞ்சம் மங்கித்தான் போச்சு."

பூங்கோதை கையை நீட்டி பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலிப் பாட்டிலை அவரிடமே கொடுத்தாள்.

"டீச்சர், இப்ப நான் எதைக் காட்டுறது?"

"நல்ல தாகம்," என்றாள்.

வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் சேலத்தில் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். ஜெயசீலன் ஆதிமூலத்தை, "பழைய பஸ் கண்டக்டர்" என்று அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். பூங்கோதை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வரலையா?"

"வழிகாட்டி நீங்கதானேண்ணே."

உச்சி வெயிலில் பாறை ஏறி வந்து குகைக்குள் நுழைந்தவர்களுக்கு இருட்டு மட்டும் தெரிந்தது.

"ஒண்ணுமே இல்லையே."

"வவ்வால் நாத்தம் இருக்குல்ல."

"கண்டக்டர் சார், ஸ்டாப்பிங் மாத்தி இறக்கிட்டீங்களா?"

சிரித்தார்கள். யாரோ செல்போன் விளக்கைப் போட்டார். பாறை வெளிறிப்போய், இருந்ததும் மறைந்தது. ஜெயசீலன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆதிமூலத்தின் கை பைக்குள் போனது. காலிப் பாட்டில் நசுங்கியது. மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு வரவில்லை. பழைய கண்டக்டர் குரல்தான் வந்தது.

"லைட்டை அணைங்க. எல்லாரும் உட்காருங்க. வண்டி கிளம்ப நேரமாகும்."

அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள் உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு ஓய்ந்தது. விசிறிக்கொண்டிருந்த கைகளும் நின்றன. கண்கள் இருட்டுக்குப் பழகின.

"அது மானா?" என்றார் ஒருவர்.

"எங்க?"

"வெடிப்புக்குப் பக்கத்துல. கொம்பு தெரியுது பாருங்க."

"பின்னாலயும் ஒண்ணு நிக்குதே."

"ஒருத்தன் துரத்துறான்."

"துரத்தலைங்க. கூட ஆடுறான்."

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ஆட்டம்தான்."

முழங்கால் வலிக்கார அம்மா ஒருவர் காலை நீட்டி, பாறையில் சாய்ந்திருந்தார்.

"கண்டக்டரே, மேல இருக்கிறது என்ன பறவை?"

"மேல ஒண்ணும் கிடையாதும்மா," என்று சொல்லிக்கொண்டே ஆதிமூலம் அண்ணாந்தார்.

கூரை முழுவதும் ஒரு பறவை சிறகை விரித்திருந்தது. சிறகுகளுக்கு அடியில் ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து ஒரு கூட்டம். கையால் வீசிய தண்ணீர் ஒருநாளும் எட்டாத உயரம். அங்கே வெள்ளை நிறம் மங்காமல் வெள்ளையாகவே இருந்தது.

ஆதிமூலம் தரையில் மல்லாந்து படுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் படுத்தார்கள். கஞ்சி போட்ட சட்டையோடு ஜெயசீலனும் படுத்தார்.

கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அவனையும் மேல வரச் சொல்லுங்கய்யா," என்றார் ஜெயசீலன், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சனிக்கிழமை ரெண்டு வண்டி அனுப்புறேன் கண்டக்டரே. சமாளிப்பீங்களா?"

வேன் கூச்சலும் பாட்டுமாகக் கிளம்பிப் போனது. ஆதிமூலம் புளியமரத்துக்கு ஓடினார்.

"ஜெயிச்சாச்சு டீச்சர். கூரையில பறவை இருக்கு. இத்தனை வருஷம் வந்து போறேன், நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பூங்கோதை எழுந்து அவரோடு ஏறினாள். குகைக்குள் போய் உட்கார்ந்து, பாறையில் சாய்ந்துகொண்டாள். ஆதிமூலம் பக்கத்தில் குந்தி, "அதோ" என்று கையை உயர்த்தினார்.

"கையை இறக்குங்கண்ணே," என்றாள். "நான் இப்பத்தான் வெயில்லேருந்து வந்திருக்கேன்."