ராஜாக்கள் திரும்பிய பக்கம்

"மதர், சொன்ன சொல்லை மீறினா பாவந்தானே?"

சிஸ்டர் செலஸ்தினா கேட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

மதர் இஞ்ஞாசியம்மா கிறிஸ்துமஸ் குடிலை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள். பாலனைத் தேடி வந்த அந்த மூன்று பேரின் சொரூபங்களையும் குடிலை நோக்கித் தினம் ஒரு சாண் நகர்த்துவது கன்னியர் மடத்து வழக்கம். இன்று பாலன் யேசுவின் காலடிக்கே வந்துவிட்டார்கள்.

"யாருக்குச் சொன்ன?"

"கேட்ல நிக்கிறாரே, மெர்சியோட அண்ணன்."

மெர்சி மாடியில் இருந்தாள், கைக்குழந்தையோடு. சாதி மாறிக் கட்டிக்கொண்டவள். புருஷனை வெட்டிப்போட்ட பிறந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் தன்னையும் விடமாட்டார்கள் என்று மடத்தில் ஒளிந்திருந்தாள்.

"என்ன கேட்டான்?"

"'புள்ள இங்க இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க சிஸ்டர், நானும் வந்து ஒரு முத்தம் குடுத்துட்டுப் போறேன்'னார். கையில குட்டி வெள்ளிக் கொலுசு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு மதர். வந்து சொல்றேன்னுட்டேன்."

செலஸ்தினா அப்படித்தான். கொலுசைப் பார்ப்பாள், பிடித்திருக்கும் கையைப் பார்க்க மாட்டாள்.

"அப்புறம்?"

"கார்ல இன்னும் ஆளுங்க இருந்தாங்க. சீட்டுக்கடியில சாக்கு. அதுல அருவாப் பிடி தெரிஞ்சுச்சு."

வாசலில் ஹாரன் அடித்தது. செலஸ்தினா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னா அந்தப் பச்சப்புள்ள செத்துச்சு. நான் என்ன செய்ய மதர்?"

மதர் குனிந்து ராஜாக்களை ஒவ்வொருவராகத் திருப்பி வைத்தார். வாசலைப் பார்த்து அல்ல, சமையல்கட்டைப் பார்த்து. அதைத் தாண்டினால் பின்கதவு, தென்னந்தோப்பு, அப்பால் பஸ் ரோடு.

மூன்றாவது ராஜா நழுவி வைக்கோலில் விழுந்தார். மதர் அவரை நிமிர்த்தி அதே பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்த மூணு பேருகிட்டயும் ஒரு ராஜா அப்படித்தான் சொல்லி அனுப்பினான். 'புள்ளையப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நானும் வந்து கும்பிடணும்'னு."

"ஏரோது. பாலனைக் கொல்லத் தேடினவன்."

"அவன்கிட்ட போய்ச் சொன்னாங்களா, வேற வழியா ஊருக்குத் திரும்பினாங்களா?"

மறுபடி ஹாரன். இம்முறை நீளமாக.

செலஸ்தினா மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்தபோது குழந்தை அவள் சேலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மெர்சி, வாயைப் பொத்திக்கொண்டு. செலஸ்தினா சமையல்கட்டு வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மதர், கேட்ல அவர் எனக்காகக் காத்திருக்காரே. யாராவது பதில் சொல்லணுமே?"

மதர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

"எங்கிட்ட அவன் இன்னும் ஒண்ணும் கேக்கலையே. முதல்லருந்து கேக்கட்டும்."