சடைச்சியின் பன்னிரண்டு வருஷச் சாடி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், சித்திரை மாசத்திலும் போர்வை தேடுகிற ஒரு மலைநாட்டை மழவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்கமாட்டார். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான்.

அங்கே குளிருக்குக் குடிப்பது கருந்தேறல். கேழ்வரகை முளைகட்டி, கருக வறுத்து, காய்ச்சிப் புளிக்கவைத்து, சாடியில் ஊற்றி, மெழுகால் வாயடைத்து மண்ணில் புதைத்துவிடுவார்கள். வருஷம் ஏற ஏற ருசியும் ஏறும். அறுப்பு முடிந்ததும் சபையில் போட்டி. ஜெயித்த சாடிதான் அரண்மனைக்கு.

தீர்ப்புச் சொல்பவர் அரண்மனைச் சுவைஞர் பரஞ்சோதியார். பத்து வருஷமாக ஜெயித்ததெல்லாம் அவருடைய மருமகன் வீட்டுச் சாடி. ஏன் என்று யார் கேட்பது? பூனைக்கு யார் மணி கட்டுவது?

அந்த வருஷம் மேட்டுக்காட்டுச் சடைச்சி வந்தாள். புருஷன் போனபிறகு தனியாளாய் நின்று நாற்பது சாடிகளைக் காத்துவந்தவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் பிறந்த அன்று புதைத்த சாடியைத் தோண்டி எடுத்து, தலையில் சுமந்து, மூன்று மலை இறங்கி வந்திருந்தாள்.

சபை கூடியது. வழக்கப்படி ராஜா தன் கையாலேயே சுவைஞருக்குத் தாம்பூலம் கொடுத்தார். கொழுந்து வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு, மேலே துளி பச்சைக் கற்பூரம். தானும் ஒன்று போட்டுக்கொண்டார். பரஞ்சோதியார் நன்றாகக் குதப்பித் துப்பிவிட்டு, சடைச்சியின் கிண்ணத்தை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"பன்னிரண்டு வருஷமாம்! போன மாசத்துச் சரக்கு, மகாராஜா. நிறத்துக்குக் கருப்பட்டியைக் கருக்கிக் கலந்திருக்கிறாள்."

ராஜாவும் ஒரு வாய் குடித்தார். அவருக்கும் ருசி ஒன்றும் தெரியவில்லை. வந்ததே கோபம்! "என் சபையிலேயே பித்தலாட்டமா? பொழுது சாய்வதற்குள் ஆள் கிளம்பிப் போய், இவளுடைய மிச்சச் சாடி முப்பத்தொன்பதையும் உடையுங்கள்!"

சடைச்சியின் சோறு, மகள் கல்யாணம், பன்னிரண்டு வருஷ உழைப்பு எல்லாம் அந்த மண்ணுக்குள்தானே இருக்கிறது! கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தாள். விளிம்பில் சிவப்பாக வெற்றிலைச் சாறு.

அடப்பாவி மனுஷா! அவள் வீட்டில் சாடி திறப்பதற்கு முதல் நாளே வெற்றிலைப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நாம் சொல்கிறோம். கற்பூரம் மென்ற நாக்குக்கோ வேறு எந்த வாசனையும் தெரியாது! இந்த ஆள் பத்து வருஷமாக எதையுமே ருசித்ததில்லை. ஆனால் அதைச் சபையில் எப்படிச் சொல்வது? தாம்பூலம் கொடுத்தது ராஜா ஆயிற்றே.

சடைச்சி கும்பிட்டாள். "உடைக்கிறதுன்னா உடைங்க, மகாராசா. ஒரே ஒரு ஆசை. மூணு கிண்ணம் கொண்டுவரேன். எது என்னன்னு ஐயா சரியாச் சொல்லிட்டா, சாடியை நானே என் கையால உடைக்கிறேன்."

"மூன்று என்ன, முப்பது கொண்டுவா!" என்றார் பரஞ்சோதியார். "ஆனால் கூடவே ஒரு காவலன் போகட்டும். இவள் ஏமாற்றக்கூடாது."

"நல்ல யோசனைங்க. அப்படியே ஐயாவுக்கு இன்னொரு தாம்பூலமும் கொடுங்க, மகாராசா. பெரிய வேலையாச்சே!"

ராஜா சந்தோஷமாகக் கொடுத்தார். சடைச்சி போனாள், வந்தாள். பின்னால் வந்த காவலன் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தான்.

பரஞ்சோதியார் முதல் கிண்ணத்தை உறிஞ்சினார். "சுமார். ரெண்டு வருஷச் சரக்கு." இரண்டாவதைத் தொட்டு நக்கிவிட்டுத் தள்ளினார். "சீச்சீ! இதுதான் இவளுடைய கருப்பட்டித் தண்ணீர்." மூன்றாவது கன்னங்கரேலென்று இருந்தது. அதைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. மடமடவென்று குடித்தார்.

"ஆஹா! இதுவல்லவா தேறல்! முதலில் இனிப்பு, நடுவில் கசப்பு, தொண்டையில் கதகதப்பு. பதினைந்து வருஷத்துக்குக் குறையாது. என் மருமகன் வீட்டுச் சாடியேதான், மகாராஜா!"

காவலன் அடக்கமாட்டாமல் கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டான்.

"என்னடா இளிப்பு?" என்றார் ராஜா.

"மன்னிக்கணும், மகாராஜா. முதல் கிண்ணம் இந்த அம்மாவோட சாடி. ரெண்டாவதுதான் போட்டிக்கு வந்திருக்கிற ஐயாவோட மருமகன் சாடி. மூணாவது... நம்ம தொழுவத்துச் செவலைப் பசுவுக்கு ஊறவச்ச எள்ளுப் புண்ணாக்குத் தண்ணி."

சபையே குலுங்கியது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "நானும்தானே குடித்தேன்? எனக்கும் ருசி தெரியவில்லையே!"

"குத்தம் உங்க நாக்கு மேல இல்ல சாமி, வெத்தலை மேல. வெந்நீர்ல வாய் கொப்பளிச்சு, ரெண்டு பிடி பொரி தின்னுட்டு, ஒரு நாழிகை சும்மா இருங்க."

ராஜாவே வாய் கொப்பளித்துக் காத்திருந்தால் சபை என்ன செய்யும்? அதுவும் காத்திருந்தது. வெளியே பொழுது இறங்கிக்கொண்டே இருந்தது. சடைச்சி அதையும் பார்த்தாள், ராஜாவையும் பார்த்தாள். கடைசியில் கிண்ணத்தை நீட்டினாள். "கையிலயே கொஞ்சம் வச்சிருங்க, சூடு ஏறட்டும். மொதல்ல மோந்து பாருங்க. அப்புறம் கொஞ்சமா. அவசரம் வேண்டாம்."

ராஜா மோந்தார். வறுத்த கேழ்வரகு மணந்தது. ஒரு வாய் வைத்தார். பேரீச்சம்பழம் மாதிரி இனித்தது. அது அடங்கும்போது கருகலின் கசப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. விழுங்கியபிறகு நெஞ்சில் இறங்கிய சூடு போகவே இல்லை. பிறகு சிரித்தார் பாருங்கள், தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது.

"அடடா! பத்து வருஷமாக நான் என்னத்தைக் குடித்தேன்? சடைச்சி, முப்பத்தொன்பது சாடியும் பத்திரமாக இருக்கட்டும். இனி அரண்மனைக்கு உன் தேறல்தான். இந்தச் சபையில் சுவைஞரும் நீதான். தாம்பூலம் இனிமேல் தீர்ப்புக்குப் பிறகுதான்!" பரஞ்சோதியார் பக்கம் திரும்பினார். "நீர் முதலிடம் கொடுத்த தேறல் தொட்டி நிறைய இருக்கிறதாம். நீரே சுமந்து போய் அதன் சொந்தக்காரிக்கு ஊற்றும்."

பரஞ்சோதியார் தலைப்பாகை நழுவ நழுவ வாளியோடு போனார். கொஞ்ச நேரத்தில் காவலன் ஓடிவந்தான். "மகாராஜா, செவலை ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. ஐயாவோட தீர்ப்பு சரிதானாம்!"

ராஜா தன் கையால் கொடுத்த தாம்பூலத்தைச் சடைச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயில் மட்டும் போடவில்லை. மடியில் முடிந்துகொண்டு, "நாளைக்கு இன்னொரு சாடி திறக்கணும் சாமி" என்று சொல்லி, ஜம்மென்று மலையேறிப் போனாள்.