மாடத்தி பட்டியில் பிறந்த ஒற்றைக் குட்டி

நாய் வந்து சாட்சி சொல்லாது. மனிதர் பேசியதை வைத்துத்தான் இந்த வழக்கைத் தீர்க்க வேண்டும். ஆகையால் யார், எப்போது, யாரிடம் என்ன சொன்னார் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

கயத்தாறு பக்கம் ஒரு கரிசல் ஊரில் வெயிலுமுத்து என்று ஒருவர். மனைவி செத்துப் பல வருஷம் ஆயிற்று. மகள் திருப்பூரில். வீட்டில் அவரோடு இருந்தது கரிச்சான் என்ற கன்னி இன ஆண் வேட்டை நாய் மட்டும்தான். கறுத்த மேனி, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, நெஞ்சில் கையகல வெள்ளை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது கூடவே ஒரு கன்னிக் குட்டியையும் அனுப்புவது அவர் மனைவி பிறந்த வீட்டு வழக்கம். அப்படி அவள் பின்னால் நடந்து வந்த நாயின் வழியில் கரிச்சான்தான் கடைசி. சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டை அதற்கு. பேச்சும் அதனோடுதான்.

எதிர்ச்சாரியில் மச்சினன் குருவையா, மனைவியின் தம்பி. வேகம் வேண்டும் என்று சீமைப் பந்தய நாயைக் கலந்து குட்டி எடுத்து, அதையே கன்னி என்று கென்னல் கிளப் கண்காட்சியில் நிறுத்திக் கோப்பை வாங்கியவர். "இது கன்னியே இல்ல. வெயில்ல ஆட்டுக்குப் பின்னால ஒரு பகல் நடக்குமான்னு கேளுங்க" என்று வெயிலுமுத்து அந்தக் கண்காட்சிக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்.

"அத்தான் நாய் நெஞ்சுல யாரோ சுண்ணாம்புக் கையைத் தொடச்சிருக்காங்க. அதை முதல்ல கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார் குருவையா.

கூட்டம் சிரித்தது. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று குருவையா பிற்பாடு ஆள்விட்டுச் சொன்னார். "கோவத்துல சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்" என்று பதில் போயிற்று. அதோடு பேச்சு நின்றது. அந்தச் சிரிப்பை வெயிலுமுத்து மறக்கவில்லை. எதற்கு மறக்க வேண்டும்?

ஊர்க் கடைசியில் மாடத்தியின் ஆட்டுப்பட்டி. நரி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பொறுக்க மாட்டாமல், காவலுக்கு ஒரு கன்னிக் குட்டி வேண்டி அவள் வெயிலுமுத்துவிடம் வந்தாள். குருவையாவிடம் சிட்டு என்று கலப்பில்லாத பெட்டை ஒன்று இருந்தது.

"கரிச்சானுக்கும் வயசாகுது அண்ணாச்சி. சிட்டுகூடச் சேத்துவிட்டா வம்சம் நிக்கும். ஆண் நாய்க்காரருக்கு முதல் குட்டி. வழக்கம்தான?"

"அவன் பெட்டை போட்ட குட்டிக்கு நான் கை நீட்டவா? எனக்கு வேண்டாம். அவனுக்காகவும் விடலை. ஒனக்காக விடுதேன். வர்றது எல்லாம் ஒன்னுது."

குருவையா வீட்டிலும் கேட்டாள். "அந்த ஆளு நாய் தொட்ட பெட்டை திரும்ப என் வாசப்படி ஏறாது. நீயே வச்சுக்கோ. பாத்தா அவரு முகம்தான் ஞாபகம் வரும்" என்று சொல்லிச் சங்கிலியை அவள் கையில் கொடுத்தார்.

பட்டியில் இரண்டும் சேர்ந்தன. சில வாரத்தில் கரிச்சான் படுத்த இடத்திலேயே கண்ணை மூடியது. வெயிலுமுத்து தனியாகவே குழி வெட்டினார். கழுத்துப்பட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் கை தானாக முதல் உருண்டையைப் பிடிக்கும். பிடித்த பிறகுதான் ஞாபகம் வரும்.

சிட்டு ஈன்றது ஒரே குட்டி. நெஞ்சில் அதே வெள்ளை. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. மாடத்தி வெள்ளாட்டுப் பாலைத் துணியில் நனைத்து ஊட்டித் தேற்றிவிட்டாள்.

குட்டி ஆடுகளுக்குப் பின்னால் ஓடத் தொடங்கிய சமயம், கிளப்காரர்கள் நாட்டு நாய்களைப் பதிய ஊருக்கே வந்தார்கள். இந்தத் தடவை கலப்பு நாய்களை ஒதுக்கினார்கள். குருவையாவின் கோப்பை நாய் வழிக் குட்டிகள் அத்தனையும் கழிந்தன. வந்திருந்த கால்நடை டாக்டரம்மா மாடத்தியின் குட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"அசல் கன்னி. நெஞ்சு வெள்ளை ஒரு குறையே இல்லை. தாய் நாய் யாருடையதோ, அவர் பேரில் எழுதுவோம். யார் பேர்?"

"சிட்டு எங்க அப்பா வீட்டு வழி. ஊருக்கே தெரியும். என் பேரைப் போடுங்க" என்றார் குருவையா.

வெயிலுமுத்து அவரைப் பார்க்காமல் மாடத்தியைப் பார்த்துச் சொன்னார். "முதல் குட்டி ஆண் நாய்க்காரனுக்குன்னு அந்த ஆளுக்குச் சொல்லு. எனக்கு வேற யாரு இருக்கா?" கையில் கழுத்துப்பட்டை இருந்தது.

"பால் ஊட்டையில ரெண்டு பேரும் எட்டிப் பாக்கலையே அண்ணாச்சி. பட்டிக்குக் காவல் வேண்டாமா?" என்றாள் மாடத்தி.

டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார்.

பெட்டைக்காரர், ஆண் நாய்க்காரர், பால் ஊட்டியவள். குட்டி யாருக்குச் சேர வேண்டும்? எதனால்?

விடை: குட்டி மாடத்திக்கு. பால் ஊட்டியதனால் அல்ல; அது வளர்த்த பாசம், சொந்தம் ஆகாது. சிட்டுவை "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்தபோதே தாய் நாய் அவளுடையதாகிவிட்டது. கிளப் விதி அவள் பக்கம். முதல் குட்டி வழக்கத்தை வெயிலுமுத்து தன் வாயாலேயே வேண்டாம் என்றார். கோபத்தில் சொன்னதுதானே என்று அதைத் தள்ளிவிடலாம் என்றால், குருவையா கோபத்தில் சொன்ன சுண்ணாம்புப் பேச்சையும் அன்றைக்கே தள்ளியிருக்க வேண்டும். இது மற்றவர்களுக்கு விளங்கும் முன்பே வெயிலுமுத்துவுக்கு விளங்கிவிட்டது. கழுத்துப்பட்டையை மாடத்தி பக்கம் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கும் முதல் உருண்டையைப் பிடித்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதைத் தானே தின்றார்.