கட்அவுட்டின் காலடியில் விலை

டிக்கெட் கவுண்டரில் கத்திக் கத்தி செண்பகவல்லிக்குத் தொண்டை கட்டி மூன்று நாளாகிறது. மெல்லிசைக் கச்சேரிக்கு டிக்கெட் முந்நூறு ரூபாய் என்று நோட்டீஸ் சொல்லும். ஆனால் நாற்காலிக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று சேர்த்து அவள் நானூற்றிருபது கேட்க வேண்டும். திட்டெல்லாம் அவளுக்கு. பணமெல்லாம் கச்சேரி நடத்தும் குணசீலன் அண்ணாச்சிக்கு.

முழு விலையையும் வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார்.

"வாசல்லயே எழுதி வை. ஆனா ஒருத்தனும் பார்க்கக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரி அண்ணாச்சி" என்றாள். வாதாடத் தெம்பில்லை.

சாயங்காலம் அதிகாரி வந்தார். வாசலில் கைகூப்பி நிற்கும் அண்ணாச்சியின் இருபதடி கட்அவுட். அதன் காலடியில் கொட்டை எழுத்தில், 'மொத்த விலை ரூ.420'.

அண்ணாச்சி பல்லைக் கடித்தார். "இங்கேயா எழுதுவே?"

"ஆறு வருஷமா எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த ஆளே கிடையாது அண்ணாச்சி."

அதிகாரிக்கு அது கேட்டுவிட்டது. "யாரும் பார்க்காத இடம்னா அபராதம்தான்."

அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் சொன்னா? ஊரே நின்னு பார்க்கும் சார்" என்று டிக்கெட் வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

வரிசை திரும்பிப் பார்த்தது. படித்தது. பிறகு மொத்தமாக அண்ணாச்சியிடம் நியாயம் கேட்க நடந்து போனது.

செண்பகவல்லி ஒரு டீ சொன்னாள்.