மேற்கே சூலம்

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: பெரியவர்கள் சொன்ன ஒரு சொல்லை எழுத்துக்கு எழுத்து தப்பாமல் நீங்கள் கடைசியாகக் கடைப்பிடித்தது எப்போது? நினைவுக்கு வரவில்லை அல்லவா? வெட்கப்படுங்கள். உங்களைத் திருத்துவதற்காகவே ஒத்தப்பனைக்காட்டுத் தவசியாண்டியின் வரலாற்றைச் சொல்லத் துணிகிறேன்.

ஒத்தப்பனைக்காட்டில் மூன்று ஆண்டுகளாக மழை இல்லை. தவசியாண்டியின் கிணற்றில் இறைக்கத் தண்ணீர் இல்லை. அவ்வேளையில், மேற்கு மலையடிவாரத்தில் புதிதாக ஒரு கால்வாய் வெட்டியிருப்பதாகவும், வருகிற வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து சேரும் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் பாசன நிலம் என்றும் தண்டோரா போட்டார்கள். தவசியாண்டி கூண்டு வண்டி கட்டினார். மனைவி வெயிலாட்சி, மூன்று பிள்ளைகள், தம்பி பூச்சியப்பன், ஓர் அச்சு வெல்லம், தினசரிக் காலண்டர் ஆகிய அனைத்தும் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவசியாண்டி தாளைக் கிழித்துப் பார்த்தார். 'சூலம்: மேற்கு. பரிகாரம்: வெல்லம்' என்றிருந்தது. சூலம் உள்ள திசைக்கு முகம் வைத்துப் புறப்படலாகாது. புறப்பட்டே தீரவேண்டுமானால் பயணம் போகிறவர் வெல்லம் தின்றுவிட்டுப் போகலாம். ஊரறிந்த வழக்கம் இது. ஆனால் ஊரார் யோசிக்காததைத் தவசியாண்டி யோசித்தார்.

"பூச்சி, பயணம் போறது யாரு?"

"நாமதான் அண்ணே."

"நாம உக்காந்துல்ல இருக்கோம்? போறது எது?"

பூச்சியப்பன் வண்டியை மூன்று முறை சுற்றிவந்து, "சக்கரம் அண்ணே" என்றான், குரல் தழுதழுக்க.

அச்சு வெல்லம் முழுவதையும் கரைத்து இரண்டு சக்கரங்களுக்கும் பூசினார்கள். வாசனை மாடுகளின் மூக்கை எட்டியது. அவை பின்னால் திரும்பிச் சக்கரத்தை நக்கப் பார்த்தன. வண்டியும் கூடவே திரும்பியது. பொழுது சாயும்வரை அந்தக் குடும்பம் தன் வீட்டு வாசலிலேயே வட்டமடித்துப் பயணம் செய்தது. வெல்லம் தீர்ந்த பிறகுதான் மேற்குத் திசை கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு மேடு குறுக்கிட்டது. 'மேட்டில் ஏறும்போது இருக்கிறதிலேயே கனமான சாமானை இறக்கிவிடு' என்று மாட்டுத் தரகர் சொல்லி அனுப்பியிருந்தார். சகோதரர்கள் நிழலில் அமர்ந்து ஆராய்ந்தார்கள்.

"அம்மிக்கல்லுதான் கனம்" என்றாள் வெயிலாட்சி.

"அடியே, சக்கரத்தைத் தூக்கிப் பாத்திருக்கியா நீ?"

"இல்லீங்க. சக்கரத்தைத் தூக்கணும்னு எனக்கு இதுவரைக்கும் தோணல."

"அதான் பேசாம இரு. தம்பி, என் தலையைவிடக் கனமா இருக்குமா சக்கரம்?"

"உங்க தலையை இறக்கவேண்டாம், கொழுந்தனாரு தலையும் வேண்டாம்" என்றாள் அவள். "ரெண்டும் பஞ்சு மாதிரி லேசு."

பாராட்டைப் பணிவோடு ஏற்றுக்கொண்டு, இருவரும் சக்கரங்களைக் கழற்றி மேட்டடியில் வைத்தார்கள். சக்கரமில்லா வண்டியை மாடுகள் உச்சிவரை இழுத்துச் சேர்க்க மறுநாள் மாலை ஆயிற்று. பிறகு கீழே இறங்கிச் சக்கரங்களை உருட்டிவந்தார்கள். நடுவழியில் பூச்சியப்பன் வியந்து நின்றான்.

"அண்ணே, இவ்வளவு சுளுவா வருதே! இதைப் போயி கனம்னு எவன் சொன்னான்?"

"தரகன்தான். அவன் பேச்சை இனிமே நம்பாதே."

வியாழன் இருட்டும்போது கால்வாய்க்கரைக் குடியிருப்பு இரண்டு கல் தொலைவில் இருந்தது. மறுநாள் நிதானமாக நடந்தாலே காலைச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் விடிந்ததும் தவசியாண்டி தாளைக் கிழித்தார், முகம் வெளுத்தது. வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம். வெல்லமோ மாடுகளின் வயிற்றில் செரித்து ஐந்து நாளாயிற்று.

"அண்ணே, முகம் வெச்சுப் போகத்தானே கூடாது? முதுகு வெச்சுப் போனா?"

தவசியாண்டி தம்பியைக் கட்டிக்கொண்டார். வண்டியைக் கிழக்கே பார்க்கத் திருப்பினார்கள். ஆளுக்கு ஒரு மாட்டின் நெற்றியில் கைவைத்து மேற்கே தள்ளினார்கள். மாடுகள் வாழ்நாளில் முதன்முறையாக மனிதர்களைப் பரிதாபத்தோடு பார்த்தன. உச்சிப் பொழுதில் ஒரு கல் தொலைவு கடந்திருந்தார்கள். பின்னால் புறப்பட்ட வண்டிகளெல்லாம் முந்திக்கொண்டு போயின.

சூரியன் மலையைத் தொட ஒரு சாண் இருக்கையில் குடியிருப்பின் வாசலை அடைந்தார்கள். அங்கே பெயர் பதியும் குமாஸ்தா எழுந்து வந்தார்.

"ஏனய்யா, அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிட்டீங்க?"

"கிளம்பலீங்க. இப்பத்தான் வர்றோம்."

"வர்ற வண்டி வாலைக் காட்டிக்கிட்டா வரும்?"

"இன்னிக்கு மேற்கே சூலமுங்க."

குமாஸ்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, உள்ளே பாக்கத் திருப்பி நிறுத்துங்க. போறவங்களுக்கு நிலம் எழுதினதா என்மேல பழி வந்துடும். சீக்கிரம், பொழுது விழப்போகுது."

வாசலுக்கு அப்பால் கால்வாய் சலசலத்தது. பிள்ளைகள் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். தவசியாண்டி காது கொடுத்துக் கேட்டார். மூன்று ஆண்டாய் அவர் கனவில் மட்டும் கேட்ட சத்தம் அது. நுகத்தடியில் கைவைத்தார்.

"திருப்புங்க" என்றாள் வெயிலாட்சி. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். புள்ளைக வாயி தண்ணியப் பாத்து எத்தனை நாளாச்சு!"

"அவசரப்படாதீங்க அண்ணே" என்றான் பூச்சியப்பன். "பொழுது விழட்டும். வெள்ளிக்கிழமை முடிஞ்சிரும். அப்புறம் சுத்தமாத் திருப்பலாம்."

தவசியாண்டி கையை எடுத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் கைகட்டி, மரியாதையோடு சூரியன் மறைவதைப் பார்த்து நின்றார்கள். மறைந்தது. பாதி மந்திரமும் பாதி மாடு ஓட்டும் 'ஹோ ஹோ'வுமாக முழங்கி வண்டியை மேற்கே திருப்பினார்கள். திருப்பி முடிக்கவும் குமாஸ்தா கதவைச் சாத்தித் தாழிடவும் சரியாக இருந்தது. கதவின் இடுக்கு வழியே அவர் ஒரு குடம் தண்ணீரும் ஆறு கட்டுச்சோற்றுப் பொட்டலங்களும் நீட்டினார். "விடிஞ்சதும் ஊருக்குப் போய்ச் சேருங்க."

விடிந்தது. தவசியாண்டி தாளைக் கிழித்தார். 'சனி. சூலம்: கிழக்கு.' ஊரோ கிழக்கே இருந்தது. அவர் பதறவில்லை. மேற்கே பார்த்து நின்ற வண்டியை ஒருமுறை பார்த்தார், கண்கள் பனித்தன.

"பாத்தியா பூச்சி, நேத்தே திருப்பி வெச்சது எவ்வளவு வசதியாப் போச்சு!"

அன்பர்களே, இன்றுதான் அந்தச் சனிக்கிழமை. விடியற்காலையிலேயே மாடுகளின் நெற்றியில் கைவைத்துத் தள்ளியபடி அவர்கள் கிழக்கே புறப்பட்டுவிட்டார்கள். சகோதரர்களுக்கு எதிரில் மாட்டு முகமும் கூண்டும் மட்டுமே தெரிகின்றன, பாதை தெரியாது. பின்புறம் அமர்ந்திருக்கும் வெயிலாட்சிக்கு எல்லாம் தெரியும். ஆனால் இனி இந்தக் குடும்பத்துக்கு எதுவும் சொல்வதில்லை என்று அவள் சபதம் செய்திருக்கிறாள். ஆகையால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். இன்றே, இப்போதே எழுந்துபோய், தெருவில் நிறுத்தியிருக்கும் சைக்கிளையும், காயப்போட்ட நெல்லையும், கட்டிலில் தூங்கும் மாமனாரையும் உள்ளே எடுத்து வையுங்கள்.