நாடிக்குள் போன தவளை

அந்தக் காலத்தில் கோழி, ஆமை, தவளை எல்லாமே வாய் ஓயாமல் பேசும். வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் அப்போது வேலை சுலபம். எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வான், அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பார்கள்.

வெண்ணி என்று ஒரு வைத்தியச்சி இருந்தாள். மனிதருக்கும் பார்ப்பாள், முற்றத்துக் கோழிக்கும் பார்ப்பாள். அவளிடம் மூன்று சட்டி மருந்து இருந்தது. வாயுவுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று. மாற்றிக் கொடுத்தால் ஆள் பிழைக்க மாட்டான்.

அவள் புருஷன் சாத்தன் இருக்கிறானே, தங்கமானவன்தான். ஆனால் உடம்பு விஷயத்தில் அவன் வாயில் உண்மை வராது. தேனெடுக்கப் போனவன் ஒருநாள் திரும்பி வந்து சுருண்டு படுத்தான். உடம்பு கொதித்தது.

"என்ன செய்கிறது? சொல்லேன்!"

"ஒன்றுமில்லை வெண்ணி. நீ போய்ச் சாப்பிடு."

மூன்று நாளும் இதே பதில். அவள் பயந்துவிடக் கூடாதாம்! மூன்றாம் நாள் அவனால் கண்ணையே திறக்க முடியவில்லை. இப்படிக் கொதிக்கிறதே, சூடுதான் என்று வெண்ணி சூட்டு மருந்துச் சட்டியை எடுத்தாள். தப்பாகிவிட்டால்? அழுதுவிட்டாள்.

"இவன் வாயை நம்பாதே," என்றது, ஆமையோடும் தவளையோடும் வந்து நின்ற முற்றத்துக் கோழி. "எனக்கு ஒரு முள் குத்தினால் ஊரையே கூட்டுவேன். இவன் செத்தாலும் சொல்ல மாட்டான். எங்கள் மூன்று இனத்தின் பேச்சையும் மனிதர் கையில் வைத்துவிடுகிறோம். வாயு என்றால் நான் உள்ளே நடந்து காட்டுவேன். சூடு என்றால் ஆமை ஊரும். சளி என்றால் தவளை குதிக்கும்."

"ஐயோ, வைத்த பேச்சு திரும்பி வராதே! நீங்கள் பேசாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்?"

"இவன் போய்விட்டால் மட்டும் எங்களோடு பேசிக்கொண்டா இருக்கப்போகிறாய்?" என்றது ஆமை.

மூன்றும் அவன் மணிக்கட்டில் வாய் வைத்தன. வெண்ணி அங்கே மூன்று விரல்களை அழுத்தினாள். கோழி நடக்கவில்லை. ஆமை ஊரவில்லை. மூன்றாம் விரலடியில் தவளை தத்தித் தத்திக் குதித்தது. சளி! சூட்டு மருந்தை ஒதுக்கிவிட்டு, சளி மருந்தை எடுத்துப் புகட்டினாள்.

சாயங்காலம் சாத்தன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். வெண்ணி ஓடிப்போய்க் கோழியிடம் சொன்னாள். கோழி அவளையே பார்த்து, "கொக் கொக்" என்றது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

"இனிமேல் நானே சொல்லிவிடுகிறேன்," என்றான் சாத்தன். சொன்னானா? அடுத்த மாதமே நொண்டிக்கொண்டு வந்து, "ஒன்றுமில்லை" என்றான். வெண்ணி அவன் கையைப் பிடித்தாள்.

அன்று பிடித்ததுதான். இன்றைக்கும் நாடி பார்க்கிறவர் நம் வாயைக் கேட்பதற்கு முன்னால் கையைக் கேட்கிறார். ஒரு விரல் கோழிக்கு, ஒரு விரல் ஆமைக்கு, ஒரு விரல் தவளைக்கு.